உமிழ்நீரில் ஓர் ஏடு

ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, விற்றுவிட்ட நிலத்தின் பழைய பத்திரம், மறைந்தோரின் நிழற்படங்கள் இரண்டொன்று. இவற்றிற்கெல்லாம் அடியில், மூலையில் மஞ்சள் தடவிய ஜாதகக் கட்டு. எம் தந்தையார் அரசுப் பணியில் மாற்றலாகித் தஞ்சையிலிருந்து தில்லிக்கு வந்தபோது கையோடு கொணர்ந்த பெட்டியும் அத்தகையதே. கரோல்பாக்கில் வீடு மாற்றிய போதெல்லாம் பாத்திர பண்டங்கள் வண்டியில் ஏறும். அப்பெட்டி மட்டும் அன்னையாரின் மடியில் வரும்.

சோதிடத்தில் எமக்கு நம்பிக்கை இல்லை. எனினும் ஜாதகத்தை நம் முன்னோர் கையாண்ட முறையில் ஒரு நாகரிகம் இருந்ததை மறுப்பதற்கில்லை. மணப்பேச்சு எழுந்தாலன்றி அது வெளியே வராது. வரும்போதும் நகலே செல்லும். மூலம் பெட்டியிலேயே தங்கும். பேச்சு முறிந்தால் நகலைத் திருப்பிக் கேட்ட பெரியோரும் இருந்தனர். காரணம் எளிது. ஒருவனுடைய கட்டத்தில் அவன் மட்டும் இருப்பதில்லை. மூன்றாம் இடம் உடன்பிறந்தாரையும், நான்காம் இடம் தாயையும், ஒன்பதாம் இடம் தந்தையையும் சொல்லும் என்பது சோதிடர் துணிபு. மகன் கட்டத்தைப் பார்த்துத் தந்தையின் ஆயுளைக் கணிப்போரும் உண்டு. ஆகவே பிள்ளையின் ஜாதகத்தை எவரிடம் கொடுப்பது என்பதைப் பிள்ளை மட்டும் முடிவு செய்ததில்லை.

கோள்களின் கட்டம் அவ்வாறு சொல்லுமோ சொல்லாதோ, மெய்யாகவே சொல்லக்கூடிய வேறோர் ஏடு இன்று விலைக்குக் கிடைக்கிறது. சிறு குழாய் ஒன்றில் உமிழ்நீரை நிரப்பி அஞ்சலில் அனுப்பினால் போதும். சில வாரங்களில் நம் உடலின் டி.என்.ஏ. படிக்கப்பெற்று விடை வந்து சேர்கிறது. மனிதனின் மரபுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்து இணைகளால் ஆனது. இந்நிறுவனங்கள் அவ்வளவையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் வேறுபடக்கூடிய ஆறேழு இலட்சம் இடங்களை மட்டும் பொறுக்கிப் படிக்கின்றன. படித்ததை இரு வடிவில் தருகின்றன. ஒன்று, வண்ணப் படங்களோடு கூடிய அறிக்கை. உம் முன்னோர் எங்கிருந்து வந்தனர், பால் செரிக்குமா, காப்பி உறக்கத்தைக் கெடுக்குமா என்றெல்லாம் அது கூறும். மற்றொன்று மூலத் தரவு. அதில் படமில்லை, விளக்கமில்லை. வரிக்கு வரி ஓர் அடையாள எண், எந்தக் குரோமோசோம், அதில் எந்த இடம், அவ்விடத்தில் உள்ள இரண்டு எழுத்துகள், அவ்வளவே. இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட அக்கோப்பு நிழற்படத் தொகுப்பு ஒன்றைவிடக் குறைந்த இடத்தில் அடங்கிவிடும்.

புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளை இது ஈர்ப்பதில் வியப்பில்லை. குலதெய்வக் கோயில் எந்த ஊரில் உள்ளதென்று அறியாத தலைமுறை, தன் வேர் எங்கே என்று ஓர் ஆய்வகத்தைக் கேட்கிறது. ஆய்வகத்தின் விடையோ, அது தன் வசம் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மாதிரிகளைப் பொறுத்தது. மாதிரிகள் பெருகினால் நம் பூர்வீகத்தின் விழுக்காடும் மாறும். சென்ற ஆண்டு ஒரு விதமாகவும் இவ்வாண்டு வேறு விதமாகவும் முன்னோரைப் பெறுவது விந்தையான பேறுதான்! அதனை அவ்வளவில் விட்டுவிடுவோம். நம் ஆராய்ச்சி அறிக்கையைப் பற்றியதன்று, மூலத் தரவைப் பற்றியது.

எம் தங்கையின் மகள் குருகிராமில் கணிப்பொறி வேலை பார்ப்பவள். அவள் இவ்வாறு ஒரு சோதனை செய்துகொண்டு, அறிக்கையோடு நில்லாமல், மூலத் தரவையும் தருமாறு அந்நிறுவனத்தைக் கேட்டாள். முதலில் தயங்கினர், பல முறை எழுதிய பின் தந்தனர். அன்று மாலை மயூர்விகாரில் உள்ள அவர்கள் இல்லத்தில் யாமும் இருந்தோம். செய்தியைக் கேட்டதும் தங்கையின் முகம் மாறியது. அதன் காரணம் எமக்கு மட்டுமே தெரியும். எம் அன்னையார் தம் இறுதி ஆறாண்டுகள் நினைவிழந்து வாழ்ந்தார். எம்மைத் தம் இளைய தம்பி என்று எண்ணி அவர் பெயர் சொல்லி அழைப்பார். கரோல்பாக் வீட்டு மாடியில் அமர்ந்துகொண்டு, தஞ்சாவூர் வண்டிக்கு நேரமாகவில்லையா என்று வினவுவார்.

அந்நோய்க்கும் மரபிற்கும் ஒரு தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் குரோமோசோமில் ஏ.பி.ஓ.இ. என்றொரு மரபணு உளது. அதன் நான்காம் வகை ஒரு பிரதி இருப்பின் முதுமையில் நினைவிழக்கும் வாய்ப்புக் கூடும்; இரண்டு இருப்பின் மிகக் கூடும். வந்தே தீரும் என்பதன்று. அவ்வகை உடையோர் பலர் தெளிந்த நினைவோடு முதுமை எய்துவதும், இல்லாதார் சிலர் நோயுறுவதும் உண்டு. மூலத் தரவில் இரண்டே வரிகளைப் பார்த்தால் ஒருவருக்கு எந்த வகை என்பதை அறியலாம். அறிக்கை அதனைச் சொல்லாது விட்டிருப்பினும் வரிகள் அங்கேயே கிடக்கும். இனி நோக்குக: மகளிடம் இரண்டு பிரதி இருப்பின் ஒன்று தாயிடமிருந்து வந்திருத்தல் வேண்டும். தாய் ஒரு துளி உமிழ்நீரும் தாராமல், ஒரு தாளிலும் கையொப்பமிடாமல், அவளைப் பற்றிய செய்தி வெளிப்பட்டுவிடும். தாய்க்கு உண்டெனில் அவள் தமையனாகிய எமக்கும் இருக்கும் வாய்ப்புப் பெருகும். யாம் எழுபதைக் கடந்தவர். அறிய வேண்டும் என்னும் ஆவல் எமக்கு இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

"மாமா, எச்சில் என்னுடையது, காசும் என்னுடையது. அந்தக் கம்பெனிக்காரர்கள் படிக்கலாம், நான் மட்டும் படிக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

இவ்வினாவிற்கு எதிர்வாதம் இல்லை என்றே யாம் கருதுகிறோம். ஒருவருடைய உடலைப் பற்றிய குறிப்பைப் பிறர் வைத்துக்கொண்டு, உரியவருக்குச் சுருக்கத்தை மட்டும் தருவது முறையன்று. மூலத்தைத் தம் வசம் வைத்துக்கொண்டு நகலை வெளியே தருவதுதான் நம் பழைய வழக்கம். இங்கே மூலம் அவர்களிடமும் சுருக்கம் நம்மிடமும் எனத் தலைகீழாகி நிற்கிறது. மூலத் தரவை அவள் கேட்டது சரியே. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒரு மனதாக அறிவித்தது. தன்னைப் பற்றிய செய்தி தன் ஆளுகையில் இருத்தல் அவ்வுரிமையின் ஒரு கூறு எனலாம்.

தன்னைக் காத்துக்கொள்வதிலும் அவள் கெட்டிக்காரியாகவே இருந்தாள். உண்மைப் பெயரைத் தராமல் புனைபெயர் ஒன்றைத் தந்திருந்தாள். புனைபெயரில் எழுதிப் பழகிய தமிழுலகிற்கு இது குற்றமாகத் தோன்றாது. இதற்கென்றே ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கியிருந்தாள். ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த இசைகிறீரா என்ற வினாவிற்கு இல்லை என்று குறித்தாள். உறவினரைக் கண்டறியும் வசதியை மூடிவைத்தாள். கோப்பைப் பெற்றதும், எஞ்சிய உமிழ்நீரை அழிக்குமாறும் கணக்கை நீக்குமாறும் எழுதினாள். கோப்பை இணையத்தில் எங்கும் ஏற்றாமல், இணையத் தொடர்பைத் துண்டித்த தன் கணிப்பொறியிலேயே பூட்டி வைத்தாள். இவையாவும் செய்யத்தக்கவை, இச்சோதனை செய்துகொள்ள எண்ணும் இளைஞர் எவரும் செய்ய வேண்டியவை. கணக்கை நீக்கிய பின்னரும் ஆய்வகச் சட்டத்தைக் காட்டிச் சில குறிப்புகளை நிறுவனங்கள் வைத்துக்கொள்வதுண்டு என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இவ்வளவு காப்பும் மிகையோ என ஐயுறுவோர் ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கதையை நினைவுகூர்க. 2006இல் தோன்றிய அது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்களின் மரபணுக் குறிப்புகளைத் திரட்டியது. 2023இல் திருடர்கள், வேறிடங்களில் களவுபோன கடவுச்சொற்களைக் கொண்டு ஏறத்தாழ 14,000 கணக்குகளைத் திறந்தனர். உறவினரைக் காட்டும் வசதி வழியாக அவர்கள் எட்டியது 69 இலட்சம் பேரின் குறிப்புகளை. ஒரு வீட்டுக் கதவைத் திறந்தவன் ஐந்நூறு வீடுகளின் கூடத்தைக் கண்டான் என்பது கணக்கு. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தை நாடியது. உங்கள் குறிப்புகளை அழித்துக்கொள்ளுங்கள் என்று கலிபோர்னிய மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் மக்களுக்கு அறிவுறுத்தினார். ஈற்றில் அதன் நிறுவனர்களுள் ஒருவரே அமைத்த இலாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு அதனை வாங்கிக்கொண்டது. வேறு எவரேனும் வாங்கியிருக்கலாம். கடையில் உள்ள சரக்கோடு வாடிக்கையாளரின் குருதி உறவும் ஏலத்திற்கு வரும் காலம் இது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம், இதனை மாற்றவியலாது.

பெயரை மறைத்தல் போதுமா என்னும் வினாவிற்கு வருவோம். 2018 ஏப்ரலில் கலிபோர்னியாவில், 1970களிலும் 80களிலும் கொலையும் கற்பழிப்பும் பல புரிந்த ஒருவன் பிடிபட்டான். அவன் எந்தச் சோதனையும் செய்துகொண்டவன் அல்லன். குற்றம் நிகழ்ந்த இடத்தில் எஞ்சிய டி.என்.ஏ.வை, மக்கள் தம் மூலத் தரவைத் தாமே ஏற்றி உறவினரைத் தேடும் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் ஒப்பிட்டனர். தூரத்து உறவினர் சிலர் தென்பட்டனர். அவர்களின் குடிவழியை மேலும் கீழுமாக வரைந்து அவனை அடைந்தனர். கொடியவன் பிடிபட்டதற்கு எவரும் வருந்தப்போவதில்லை. ஆனால் கொடியவனை அடைந்த வழி நல்லவனையும் அடையும். அதே ஆண்டில், ஏறத்தாழ பதின்மூன்று இலட்சம் பேர் கொண்ட ஒரு தொகுப்பை ஆராய்ந்த அறிஞர்கள், ஐரோப்பிய வழியினரான அமெரிக்கருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு அதில் மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவோ அதனினும் நெருங்கிய உறவோ கிடைக்கும் என்று காட்டினர். அவ்வளவு தூரத்து உறவினர் யார் என்பது நமக்கே தெரியாது. அவர் செய்த செயலால் நாம் வெளிப்படுகிறோம். ஜெட்மேட்ச் தளமும் 2019 திசம்பரில், குற்றப் புலனாய்வுக்கான மரபணு ஆய்வில் ஈடுபட்ட ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

மறைக்க வேண்டிய ஒரு வரியை மட்டும் கிழித்துவிட்டால் என்ன? அதனையும் செய்து பார்த்தவர் உண்டு. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவைக் கண்ட இருவருள் ஒருவரும், 2025இல் மறைந்தவருமான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தம் மரபுத் தொகுதி முழுவதையும் உலகறிய வெளியிட இசைந்தார், ஏ.பி.ஓ.இ. ஒன்றை மட்டும் நீக்கச் சொன்னார். அவருடைய பாட்டியொருவர் அந்நோய்க்கு ஆட்பட்டிருந்தார். தமக்குண்டா என்பதை அவர் அறிய விரும்பவில்லை. அடுத்த ஆண்டே வேறு சில அறிஞர்கள், அக்கம்பக்கத்து வரிகளைக் கொண்டு கிழித்த வரியை ஊகித்துவிடலாம் என்று சுட்டிக்காட்டினர். மரபில் அண்டை எழுத்துகள் பெரும்பாலும் கூடியே இறங்கி வருகின்றன. பின்னர் அண்டைப் பகுதியையும் நீக்கினர். எமக்குத் தோன்றுவது இது: அவர் தம் ஒரு வரிக்காக அவ்வளவு அஞ்சினார், தாம் வெளியிட்டதில் பாதி தம் புதல்வர்களுடையதும் ஆகுமே என்பது குறித்து அவ்வளவு பேச்சு எழவில்லை.

ஐஸ்லாந்து நாட்டில் எழுந்தது. அந்நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவக் குறிப்புகளையும் ஒரு தொகுப்பாக்கி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க 1998இல் சட்டம் இயற்றினர். இறந்துபோன தன் தந்தையின் குறிப்புகளை அதில் சேர்க்கலாகாது என்று ஓர் இளம்பெண் வழக்குத் தொடுத்தாள். தந்தையின் குறிப்பிலிருந்து தன்னைப் பற்றிய செய்தி ஊகிக்கப்படலாம் என்பது அவள் வாதம். 2003 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. இறந்தவருக்காக அன்று, தனக்காகவே தடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றது. நம் பெட்டியில் ஜாதகக் கட்டின் மேல் இருந்த உரிமை இத்தகையதே என்பது எம் துணிபு. அது விற்று உண்பதற்குரிய உடைமை அன்று. இருப்பாரும் இறந்தாரும் பிறக்கப் போவாரும் ஒருவர் கையில் விட்டுச் சென்ற அடைக்கலப் பொருள்.

தமிழருக்குப் பங்காளி என்றொரு சொல் உண்டு. ஆண்வழிக் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிதும் மாறாமல் இறங்குவதால், பங்காளிகள் உண்மையிலேயே பங்காளிகள். ஒருவர் ஏட்டைப் படித்தால் எல்லாரையும் படித்ததாகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க அறிஞர் ஸ்பென்சர் வெல்சும் இரு பத்தாண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆத்திரேலியா நோக்கிச் சென்ற மிகப் பழைய மாந்தரின் தடமாகிய எம்-130 என்னும் குறியை ஓர் இளைஞரிடம் கண்டனர். செய்தித்தாள்களில் அவர் பெயர் வந்தது. ஊரே பெருமை கொண்டது. பெருமையாக இருந்ததால் பங்காளிகளைக் கேட்கவில்லையே என்று எவரும் முறையிடவில்லை. அதே குறி ஒரு நோயின் குறியாக இருந்திருப்பின்? ஒரே வட்டத்துக்குள் கொண்டு கொடுத்து, மாமன் மகளையும் அத்தை மகளையும் மணந்து வந்த நம் குடும்பங்களில் இந்தப் பங்கு மற்றவரினும் மிகுதி.

நம் நாட்டுச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2019இல் முன்வைக்கப்பெற்ற தரவுக் காப்பு முன்வரைவு மரபணுச் செய்தியைத் தனிக் கவனம் வேண்டும் வகையாக வைத்திருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அப்பாகுபாடு இல்லை. மரபணுவும் தொலைபேசி எண்ணும் அதன்கண் ஒரே வரிசையில் நிற்கின்றன. நீதிமன்றங்கள் சில வேளைகளில் முன்னே செல்கின்றன. மரபு நோய் என்று பொதுப்படச் சொல்லிக் காப்பீட்டை மறுத்தல் பாகுபாடு என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் கூறியது. பெற்றோர் பிணக்கில் பிள்ளையை டி.என்.ஏ. சோதனைக்கு எளிதில் உட்படுத்தலாகாது என்றும், பிள்ளைக்கும் மறைவு உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது. ஆயின் மகள் தன் கோப்பைத் தானே இணையத்தில் ஏற்றினால் தாய்க்கு என்ன பரிகாரம் என்பதற்கு இவற்றில் விடையில்லை.

மாறுபட்ட பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஹன்டிங்டன் நோய் என்பது பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புடன் இறங்கும் கொடுநோய். தமக்கு அந்நோய் இருப்பதை மகளிடம் சொல்ல வேண்டா என்று மருத்துவரைத் தடுத்தார் ஒரு தந்தை. மகள் அப்போது கருவுற்றிருந்தாள். பிள்ளை பிறந்த பின்னரே அறிந்தாள். இலண்டன் நீதிமன்றம் 2020இல் அவள் வழக்கைத் தள்ளியது. எனினும் தந்தையின் மறைவையும் மகளின் நலனையும் மருத்துவர் சீர்தூக்க வேண்டிய கடமை உண்டு என்பதை ஏற்றது. அந்நோயின் மரபணுவைத் தேடிய குழுவை நடத்திய நான்சி வெக்ஸ்லரின் அன்னை அந்நோயாலேயே இறந்தவர். சோதனை கைக்கெட்டிய பின்னரும், தாம் அதனைச் செய்துகொண்டாரா என்பதை அவர் பல்லாண்டுகள் எவரிடமும் சொல்லவில்லை. தமக்கு அந்நோய் உண்டு என்பதை 2020இல்தான் வெளியிட்டார். மரபுச் சோதனையின் முடிவை அறியாதிருக்கும் உரிமையை யுனெஸ்கோவின் 1997ஆம் ஆண்டுப் பறைசாற்றும் ஏற்றுள்ளது. அறிந்தால் மருந்துண்டு, தடுப்புண்டு என்னும் இடத்தில் உறவினரிடம் மறைப்பது குற்றம் என்றே கொள்வோம். மார்பகப் புற்றுக்குரிய மரபணு அத்தகையது. அறிந்தும் செய்வதற்கு ஒன்றில்லை என்னும் இடத்தில், கேளாதவர் செவியில் ஊதுவது கொடுமை. எல்லைக்கோட்டில் நிற்பவை பல. மருத்துவம் வளர வளர ஒன்று அப்பக்கத்திலிருந்து இப்பக்கம் வரும்.

மூலத் தரவைத் தாமே படிப்போர் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2018இல் ஓர் ஆய்வகம், இத்தகைய கோப்புகளில் தீயவை எனக் காணப்பெற்ற மாறுதல்களை மறுபடி சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பொய்யாயின. அரிய மாறுதல்களைப் படிப்பதில் இக்கருவிகள் வலியன அல்ல. ஆதலின் ஒரு வரியைப் பார்த்து அஞ்சுவதும் அஞ்சுவிப்பதும் மருத்துவ ஆய்வகத்தில் உறுதி செய்த பின்னரே ஆகட்டும்.

இவற்றில் பலவற்றை அன்று மாலை மருமகளிடம் யாம் சொன்னோம். படிப்பது உன் உரிமை; கொடுப்பது உன் உரிமை மட்டும் அன்று; எந்தத் தளத்தில் ஏற்றுவதாயினும் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் கேட்டபின் ஏற்று என்றோம். தூரத்து உறவினர் அனைவரையும் கேட்பது எவராலும் இயலாது, வீட்டிலிருப்போரைக் கேட்கலாம். அவள் அதனை ஒப்புக்கொண்டாள். அதுவரை வாய் திறவாதிருந்த தங்கை அப்போதுதான் பேசினாள்.

"நீ படி அம்மா, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படித்த முகத்தோடு என் எதிரே வராதே" என்றாள்.

நிறுவனத்திடமிருந்து காப்பதற்கு எத்தனையோ வழிகளை அடுக்கிய எமக்கு இதற்கு ஒரு வழி தெரியவில்லை. கோப்பைப் பூட்டலாம். ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ணும் மகளின் கண்ணைத் தாயிடமிருந்து எங்கே பூட்டுவது? அன்னை நினைவிழந்த நாள்களில் அவரை நீராட்டி உணவூட்டியவள் தங்கையே. தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவள் பின்னர் எம்மிடம் சொன்னாள். தன் மகள் இனித் தான் ஒரு பெயரை மறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரியை நினைப்பாளே என்பதுதான் அவள் அச்சம்.

மருமகள் சிறிது நேரம் வாளா இருந்தாள். பிறகு அந்த இரு வரிகளையும் பாராமலே நீக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதிவிடுவதாகச் சொன்னாள். வாட்சன் கதையைச் சொன்னோம். சிரித்துவிட்டு, அக்கம்பக்கத்தையும் சேர்த்து நீக்குகிறேன் மாமா என்றாள். நீக்கினாளா, நீக்குமுன் பார்த்தாளா என்பதை யாம் கேட்கவில்லை. சென்ற பொங்கலுக்குச் சென்றிருந்தபோது தங்கை எம் இளைய மகனின் பெயரை நினைவுகொள்ள ஒரு கணம் தடுமாறினாள். யாம் எம்மை அறியாமல் மருமகளின் முகத்தைத்தான் பார்த்தோம்.